கூடுதலாக இரண்டு பட்டை

சனிக்கிழமை, காலை எட்டு மணி. ஏலப்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ஸ்டோரைத் திறந்தார்கள். தேயிலை உருட்டும் மிஷினுக்காக வந்திருந்த பித்தளைச் சட்டங்களைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி, காவல்காரன் சோலையின் கேட் அறையில் ஆணியில் தொங்கியது.

"சாயங்காலத்துக்குள்ள லயத்து வீட்டைக் காலி பண்ணு" என்று அவனிடம் சொன்னார் மேனேஜர். சோலையின் மனைவி வேலுத்தாய் நிறைமாதக்காரி.

பதினொரு மணிக்கு எஸ்.ஐ. காளிச்சாமி வந்து இறங்கினார். கொழிஞ்சாம்பாறைக்காரர். வழியில் ஓடைப் பாறை ஜீப்பின் வயிற்றை உரசியதில் அவருக்கு ஏக எரிச்சல்.

"நேத்து எந்த வண்டி வெளிய போச்சு, சொல்லப்பா."

"விறகு கான்ட்ராக்டர் செல்லத்துரை அய்யா ஜீப்பு மட்டுந்தான். விறகை இறக்கிட்டுக் காலியாப் போச்சு. வாரப்பவும் போறப்பவும் அய்யா எங் கேட் ரூமுலதான் பீடி பத்த வச்சாரு. பாரம் இருந்தா பின்பக்கம் அமுங்கும்லாய்யா? அமுங்கவே இல்ல."

"உள்ள பாத்தியா?"

சோலை தலையைத் தொங்கப்போட்டான். "பின்னால எம் பொண்டாட்டி படுத்திருந்தா. ஃபேக்டரியில வலி வந்துட்டு. அய்யாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவளை எழுப்பிவிட்டா சோதிப்பேன்?"

முற்றத்தில் செல்லத்துரையின் ஜீப் உயரமாக நின்றது; பக்கத்தில் அவரும் நின்றார். காளிச்சாமிக்குப் பொறாமையாகவே இருந்தது.

"ஏனுங்க, நம்ம வண்டியையும் தூக்கலாம்னு இருக்கேன். கட்டை வெக்கறதுங்களா, ஸ்பிரிங்குல பட்டை சேக்கறதுங்களா?"

செல்லத்துரை குஷியாகிவிட்டார். "கட்டை வேண்டாம் சார். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல கட்டை கொடுத்தா உசரம் வரும். ஆனா பாரம் ஏத்துனா தொங்கிரும். நான் பின்னால கூடுதலா ரெண்டு பட்டை போட்டேன். எவ்வளவு ஏத்துனாலும் குனியாது."

"காலியா ஓட்டுனா?"

"அதை மட்டும் கேக்காதீங்க! எலும்பு தனித்தனியாக் கழண்டுரும். ஒரு ரவுண்டு வாரீங்களா?"

காளிச்சாமி வேண்டுமென்றே பின்னால் ஏறினார். முதல் பள்ளத்திலேயே அவர் தொப்பி கூரைக் கம்பியில் இடித்தது. இறங்கியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராகத் தொழிலாளர் லயத்தில் இருந்த சோலை வீட்டுக்கு நடந்தார்.

"ஏம்மா, நேத்து குலுக்கல் எப்படித் தாங்குனே?"

"குலுக்கலா?" வேலுத்தாய் விழித்தாள். "தொட்டில் மாதிரில்லாய்யா இருந்துச்சு! சாக்கு விரிச்சுப் படுக்க வச்சாரு. பாதி வழியில தூங்கிட்டேன். பொய்வலின்னு டாக்டரம்மா திருப்பி அனுப்பிட்டாக."

பிற்பகல் இரண்டு மணி, எஸ்டேட் ஆபீஸ்.

"கான்ட்ராக்டரே, காலி ஜீப்பு என்னையே தூக்கி எறிஞ்சுது. அந்தப் புள்ளையைத் தாலாட்டியிருக்குது. நெறையப் பாரம் ஏறுனா உங்க பட்டை வெளிய தெரியக் குனியாது, ஆனா உள்ள இருக்கறவங்களைக் குலுக்காது. அவ படுத்திருந்த சாக்குக்கு அடியிலதானே பித்தளை இருந்துச்சு?"

"உதவி செஞ்சவனுக்கு இதுதான் மரியாதையா சார்?"

"உதவியா? புள்ளத்தாச்சியை ஏத்துனா அவம் புருசன் கும்பிட்டுக் கேட்டைத் தொறப்பான்னு கணக்குப் போட்டீங்க. பீடி பத்த வெக்கக் கேட் ரூமுக்குப் போறப்பச் சாவியை எடுத்தீங்க. வெளிய போறப்பவும் பீடியைச் சொல்லித் திருப்பி மாட்டுனீங்க. உங்க விறகுக் கொட்டாயைத் தொறக்கலாமுங்களா, இல்ல நானே தொறக்கட்டுங்களா?"

செல்லத்துரை கொட்டாய்ச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நாலு மணிக்குச் சட்டங்கள் ஸ்டோருக்குத் திரும்பின. "வீட்டுல இருந்துக்கோ" என்று சோலையிடம் சொல்லிவிட்டு மேனேஜர் காரில் கிளம்பினார். ஹாரன் அடித்தார். கேட் திறக்கவில்லை.

சோலை ஜன்னலருகே வந்து நின்றான்.

"கொஞ்சம் எறங்குங்கய்யா. டிக்கியைப் பாக்கணும்."