புதுக் காங்கேயத்தின் கடைசிக் கன்று

செவ்வாயில் உள்ள புதுக் காங்கேயம் குடியிருப்பில், விடிந்ததும் களையெடுப்பான் தொழுவத்துக்குள் வரும். ஆளுயர இயந்திரம். ஒவ்வொரு மாட்டின் மூச்சையும் உறிஞ்சிக் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதன் நெற்றியில் எஃகு ஆணி இறங்கும். பெண்கள் ரத்தத்தைக் கழுவிவிட்டுப் பால் கறக்க உட்காருவார்கள்.

தொழுவம் பாதி காலியானபோது தலைவர் பொன்னுரங்கம் கொதித்துப் போனார். மாடுகளோடு திரியும் நாய், பூனை, ஆடுகள்தான் நோயைப் பரப்புகின்றன என்று அவரே முடிவு கட்டினார். சோதனை செய்து பார்க்கும் பொறுமையெல்லாம் அந்த மனுஷனுக்கு ஏது?

பால்காரி தெய்வானை தன் நாய் செம்பனைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள். "மாத்திரை குடுத்துப் பாக்கலாமுங்க. மனுசருக்குக் கேக்குதில்லீங்க?"

"நாயிக்கு எவன் மாசக்கணக்குல மாத்திரை குடுப்பான்? அடிச்சுத் தள்ளு!"

செம்பன் அவள் மடியிலேயே செத்தது. அன்று ஆடுகளின் அலறல் அடங்க வெகுநேரமாயிற்று. பாவிகள், பூனைக்குட்டிகளைக்கூட விடவில்லை.

அப்படியும் மாடுகள் செத்தன. கடைசியில் மிஞ்சியது அப்போதுதான் பிறந்த ஒரு கிடாரிக் கன்று மட்டும். அதுவும் போனால் செவ்வாயில் மாட்டினமே இல்லை.

பொன்னுரங்கம் இயந்திரத்திடம் கத்தினார். "இனி மாட்டுகிட்டப் பொழங்குற எந்த உசுரா இருந்தாலும் மோந்து பாரு. நோய் இருந்தா முடிச்சுப்போடு. எங்கிட்டக் கேட்டுட்டு நிக்காதே!"

பிறகு வழக்கம்போல இருமிக்கொண்டே கன்றிடம் போனார். பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் அவர் செய்யும் மரியாதை ஒன்று உண்டு. அதன் முகத்தை இரு கைகளாலும் ஏந்தினார்.

"என்ர கண்ணே பட்டுருஞ் சாமி. தூ! தூ! தூ!"

களையெடுப்பான் அவர் பக்கம் திரும்பி மூச்சை உறிஞ்சியது.

"மாட்டோடு பழகும் உயிர். கிருமி உறுதி."

"அட, நான் மனுசன்! எனக்கு மாத்திரை இருக்குது..."

ஆணி நெற்றியில் இறங்கியது.

தெய்வானை கன்றின் முகத்தை அவசரமாகக் கழுவினாள். இயந்திரம் முகர்ந்து பார்த்தது. பச்சை விளக்கு எரிந்தது. கன்று பிழைத்துவிட்டது! ஊரே தொழுவத்தில் கூடி அழுதது, சிரித்தது.

"இத்தன பேரு கண்ணும் இதும்மேலதான்," என்று தெய்வானை உப்பும் மிளகாயும் எடுத்துக் கன்றுக்குச் சுற்றினாள். "ஆளுக்கு மூணு தடவ துப்பிட்டுப் போங்க."

எல்லோரும் பயபக்தியோடு வரிசையில் நின்றார்கள். களையெடுப்பான் புது ஆணியைப் பொருத்திக்கொண்டு முதல் ஆளிடம் வந்தது.

வரிசையில் யாரோ இருமினார்கள்.