குளிர்காற்றுக் குழாய்

மூன்றாவது முறையும் வெல்டு கருத்துப்போனது.

பைப்புக்காரர் முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு, பெஞ்சின் மேல் கிடந்த அலுமினியக் குழாயை உற்றுப் பார்த்தார். சில்லறைக் காசைச் சரித்து அடுக்கிய மாதிரி பளபளவென்று வர வேண்டிய வெல்டு, கரியில் புரண்ட புழு மாதிரி நெளிந்து கிடந்தது. இப்படிக் கருத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. உருகுகிற அலுமினியத்தின் மேல் ஆர்கான் வாயு போர்வையாக மூடியிருக்க வேண்டும். சின்னக் காற்று பட்டாலும் போர்வை விலகும், உலோகம் கருத்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக வளைந்த குழாயும் நெருப்புமாகப் பிழைக்கிற மனிதருக்கு இது தெரியாதா? தெரிந்துதான் பகல் பதினொரு மணிக்கே ஷட்டரை இறக்கி, அடியில் கோணிச் சாக்கைச் செருகி, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பட்டறைக்குள் ஒரு கொசு கொட்டாவி விட்டால்கூடத் தெரியும். அப்படி இருந்தும் கருத்தது.

சிலிண்டரை மாற்றினார். வெல்டிங் குழலின் முனையைத் துடைத்தார். நான்காவது முறையும் அதே கதைதான்.

கடைசியில் ஒரு மெல்லிய காகிதத்தை நீளமாகக் கிழித்து, நூலில் கட்டி, பெஞ்சுக்கு மேலே தொங்கவிட்டார். காகிதம் ஆடவில்லை. ஆனால் நேராகவும் தொங்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நேரானது. மறுபடி சாய்ந்தது. அது சாய்ந்த திக்கில் கார் நின்றது. பானெட் திறந்திருந்தது. அளவு எடுப்பதற்காக அவர் காலையில் மூடியைக் கழற்றி வைத்த எஞ்சினின் காற்று வாய், கிண்ணம் அளவுக்கு வட்டமாக, இருட்டாகத் திறந்திருந்தது.

எஞ்சின் ஓடவில்லை. பேட்டரியே கழற்றிக் கீழே கிடந்தது.

பிளாஸ்டிக் மூடியை எடுத்து அந்த வாயில் அழுத்தி மூடினார். காகிதம் நேராகத் தொங்கியது. அதன் பிறகு வெல்டு காசு காசாக விழுந்தது. அவருக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் புரிந்தது. புரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

அந்தக் கார் அவருடைய மனைவியின் தம்பியுடையது. அவளுக்கு அவன் தம்பி மட்டுமில்லை, கையில் எடுத்து வளர்த்த பிள்ளை. அம்மா சீக்கிரமே போய்விட்டதால், தன் பதினோரு வயசில் அவனை இடுப்பில் தூக்கி வைத்தவள் அப்புறம் இறக்கவே இல்லை. சின்ன வயசில் அவனுக்கு இழுப்பு உண்டு. இழுக்கிற நாட்களில் அவன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருப்பாள். ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வருமாம். அது நிற்கிறவரை அவன் ஏதாவது கதை அளந்துகொண்டே இருப்பான், அவள் காதை எடுக்காமல் உம் கொட்டிக்கொண்டே இருப்பாள்.

வளர்ந்து வேலைக்குப் போனதும் பயல் சம்பளத்தையெல்லாம் காருக்கே தீனியாகப் போட்டான். எஞ்சினில் சூப்பர்சார்ஜர் மாட்டினான். வெளியிலிருந்து காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினின் தொண்டைக்குள் வலுக்கட்டாயமாகத் திணிக்கிற யந்திரம் அது. அதற்கு எவ்வளவு காற்று கொடுத்தாலும் போதாது. பானெட்டுக்குள் இருப்பதோ அடுப்படிக் காற்று. அதனால் பம்பருக்கு அருகிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவர ஒரு தனிக் குழாய் வேண்டும். "சூட்டுக் காத்தை இழுத்துக்கிட்டு எவ்ளோ தூரம்தான் ஓடும் மாமா? எனக்கும் அதுக்கும் ஒரே வியாதி," என்று சிரித்தான். அக்காள் புருஷன் பைப்புக்காரராக இருக்கும்போது கடைக்கு ஏன் போக வேண்டும்? இவரும் ஆசையாகத்தான் செய்து கொடுத்தார்.

குழாயின் விளிம்பை அரத்தால் ராவும்போது தூள் உள்ளே விழாமலிருக்க, எஞ்சினின் வாயில் ஒரு துணியைத் திணித்து வைப்பார்கள். எல்லாப் பட்டறையிலும் வழக்கம் அது. அன்றைக்குக் கைக்கு அகப்பட்டது ஒரு பழைய தலையணை உறையின் பாதி, மஞ்சள் பூப்போட்டது. மைத்துனன் பக்கத்தில் நின்று தன் மேலதிகாரி தும்முகிற மாதிரி தும்மிக் காட்டினான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் துணியின் மேலேயே குழாயைச் செருகி, கிளாம்பை முறுக்கினார் பைப்புக்காரர்.

மெதுவாக ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை, துணியின் ஓரமாகக் காற்று போய்வந்தது. மூன்றாம் நாள் நெடுஞ்சாலையில், ஒரு லாரியை முந்தி அதற்கு முன்னால் வந்து, முழுசாக மிதித்திருக்கிறான். சூப்பர்சார்ஜர் முழு பலத்தோடு இழுத்தது. துணி வாயில் பப்படமாக ஒட்டிக்கொண்டது. கார் மூச்சடைத்து நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை.

வண்டியை இழுத்து வரப் போனவரும் இவர்தான். பானெட்டை முதலில் திறந்தவரும் இவர்தான். துணியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டார். வீட்டுக்குப் பின்னால் சருகோடு சேர்த்து எரித்தார். குழாயைத் துண்டு துண்டாக அறுத்தார். மனைவியிடம், "பெட்ரோல் பம்பு நின்னுபோச்சும்மா, யாரு கையிலயும் இல்ல" என்றார். இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பம்புக்கு ஒரு கம்பெனியும் ஒரு பழுதும்கூட வந்துவிட்டன. அவள் நம்பினாள். அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது இவர் ஒருத்தர்தான். உண்மை தெரிந்தால் அவளுக்கு யாருமே இருக்க மாட்டார்கள், இவருக்கும்தான்.

அன்றிலிருந்து பட்டறைச் சுவரில் பத்து ஆணி, பத்துச் சிவப்புத் துணி. பத்தும் ஆணியில் தொங்குவதை எண்ணிப் பார்க்காமல் எந்த வண்டியின் சாவியையும் தொட மாட்டார். எஞ்சின் வாயில் துணி வைப்பதே இல்லை, பிளாஸ்டிக் மூடிதான். "வாத்தியாரு வருகைப் பதிவு எடுக்குறாரு," என்று டிங்கர் வேலை செய்கிறவர் கேலி பண்ணுவார். அதே டிங்கர்தான் காரின் நசுங்கிய பின்பக்கத்தை, பைப்புக்காரர் மனைவியின் பேச்சைக் கேட்டு நிமிர்த்திக் கொடுத்தவர். அவள் கார் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். "தம்பி எப்படி வச்சிருந்தானோ அப்படியே இருக்கணும்ங்க. நான் ஓட்டணும்." நாலு மாசம் சாக்குப்போக்குச் சொல்லித் தள்ளினார். ஐந்தாவது மாசம் சாக்கு தீர்ந்துபோனது, அறுத்துப்போட்ட குழாய்க்குப் பதில் புதுசு செய்ய உட்கார்ந்தார்.

சமையலறைப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அவள் டீயோடு வந்தாள்.

"என்னங்க இது, ஷட்டரையும் மூடிக்கிட்டு? ஆளை அவிச்சு எடுக்கும் போலிருக்கே."

"காத்து பட்டா வெல்டு கெட்டுடும்."

"காத்தா? இங்க எங்க இருக்கு காத்து?" முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். குழாயைத் தொட்டுப் பார்த்தாள். "அவன் இருந்திருந்தா இந்நேரம் உங்களை ஒரு வேலையும் செய்ய விட்டிருக்க மாட்டான். தலைமேல ஏறி உக்காந்திருப்பான்." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "பம்புதானே நின்னுச்சு?" என்றாள். சந்தேகத்தில் கேட்கவில்லை. ஆறாத இடத்தை விரல் தானாகத் தொடுகிற மாதிரி மாசத்துக்கு ஒரு தடவை கேட்பாள்.

"பம்புதாம்மா."

பின்னால் 'டப்' என்றது. காரின் வாயில் மூடியிருந்த பிளாஸ்டிக் மூடி, நடுவில் உள்பக்கமாகக் குழிந்திருந்தது. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூடி மெல்ல நிமிர்ந்தது. மறுபடி குழிந்தது.

மாலைக்குள் குழாயை முடித்து மாட்டிவிட்டார். வேகமாக முடித்தால் விட்டது தொல்லை என்று நினைத்தார். குழாய் எஞ்சினிலிருந்து வளைந்து இறங்கி, கழற்றி வைத்திருந்த பம்பரின் இடத்தில் முழங்கால் உயரத்தில் வாய் திறந்தது. அந்த வாயில் புது ஃபில்டரைச் செருகினார். கிளாம்பைக் காலையில் முறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டார். படுக்கையில் மனைவியின் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தார்.

காலையில் ஃபில்டர் ஈரமாக இருந்தது.

மேலே கூரை ஒழுகவில்லை. தரை காய்ந்திருந்தது. ஈரம் ஃபில்டரின் மடிப்புகளில் மட்டும், குளிர்காலத்துக் கண்ணாடியில் வாயை வைத்து ஊதின மாதிரி, பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு. விரலை மோந்து பார்த்தார். பெட்ரோல் இல்லை, எண்ணெய் இல்லை. இழுப்புக்காரர்கள் வாயில் வைத்து அடித்துக்கொள்ளும் மருந்தின் வாசனை. தித்திப்பும் கசப்புமாக, அந்த வாசனை மைத்துனனின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும்.

விரலைக் கோணிச் சாக்கில் அழுத்தித் துடைத்தார். ஆனாலும் வேலை மிச்சமிருந்தது. குழாயைத் தாங்க ஒரு சின்னப் பட்டையை வெல்டு பண்ண வேண்டும். ஷட்டரை இறக்கினார், சாக்கைச் செருகினார். தலைக்கு மேல் ஒற்றைக் குழல்விளக்கு 'ஙொய்' என்றது. பட்டையை முடித்துவிட்டு, பேட்டரியை மாட்டிவிட்டு, வழக்கம்போல் சுவரின் முன்னால் போய் நின்று எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பத்தும் இருந்தன.

பத்தாவது ஆணி மட்டும் தடிமனாக இருந்தது.

சிவப்புத் துணியை விலக்கினார். கீழே மஞ்சள் பூ. ஓரம் கருகியிருந்தது. ஈரமாக இருந்தது.

கை யோசிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்ததையே செய்தது. துணியை உருவிப் பாக்கெட்டுக்குள் திணித்தது. தொடையில் அந்த வெதுவெதுப்பு பட்டது.

கதவு திறந்தது. மனைவி குளித்து, தலைவாரி, வெளியே கிளம்புகிற புடவையில் நின்றாள். "முடிஞ்சிருச்சா? சாவியை நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

"இன்னைக்கு வேண்டாம்மா."

"ஏன்?"

"கொஞ்சம்... சரிபாக்கணும்."

"நாலு மாசமா இதையேதான் சொல்றீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இரண்டு எட்டு வைத்தாள்.

நின்றாள்.

அவரும் கேட்டார். நீளமாக ஓர் இழுப்பு. சளி கட்டின நெஞ்சிலிருந்து வருகிற மாதிரி. கடைசியில், 'டிக்'.

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை. ஆனால் அது வேறு சிரிப்பாகிவிட்டது. எப்போதோ தூங்கப்போன குழந்தை எழுந்துவிட்டது என்று தெரிந்த தாயின் முகம்.

"கிட்டப் போகாத," என்றார்.

அவள் போனாள். காரின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். முறுக்காமல் விட்ட ஃபில்டர் தொட்டதும் கையோடு வந்தது.

அவர் பாக்கெட்டுக்குள் கையை விட்டார்.

காலியாக இருந்தது.

"இது நம்ம தலையணை உறைல்ல?" என்றாள் அவள், குழாய்க்குள் பார்த்தபடி. "எவ்ளோ நாள் தேடினேன்."

குழாயின் வாயில் மஞ்சள் பூத்துணி. உள்ளே போய் ஒட்டியது. வெளியே உப்பியது. முகத்தின் மேல் துணியைப் போட்டால் மூச்சுக்கு ஆடுமே, அப்படி. உள்ளே. வெளியே. டிக்.

சாவி அவள் கையில் இருந்தது. விரல்கள் அதன் மேல் இறுக மூடியிருந்தன.

"பம்புதாம்மா," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அவள் ஈரத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, குழாயின் வாயில் காதை வைத்தாள். வாகாக வைத்துக்கொண்டாள். எத்தனையோ ராத்திரி வைத்துப் பழகின காது.

"ம்," என்றாள்.

உள்ளே இழுப்பு. டிக்.

"ம்."

குழல்விளக்கின் ஓசைக்குக் கீழே, அவருக்கு வார்த்தை எதுவும் கேட்கவில்லை. மூச்சு மட்டும்தான் கேட்டது. சீராக, அவசரமில்லாமல், ஒரு கதையை முதலிலிருந்து சொல்கிற மூச்சு.

"ம்... ம்..."

ஓடிப்போய் அவளை இழுக்க வேண்டும் என்று நினைத்தார். கை காலிப் பாக்கெட்டையே துழாவிக்கொண்டிருந்தது. தொண்டையில் எதுவோ பப்படமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ம்... யாரு, மாமாவா?"

அவள் காதை எடுக்கவில்லை. தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள். பார்த்தபடியே, குழாயை ஒரு கையால் மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"ம்," என்றாள். "அப்புறம்டா?"