மடிக்கணினிக்கு ஒரு டிரைவர்

லோஷினி வீட்டு மடிக்கணினிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வேலை சொன்னால் போதும், உடனே அதற்குக் காய்ச்சல் வந்துவிடும்.

சும்மா இருக்கும்வரை நல்ல பிள்ளையாக இருக்கும். எதையாவது திறந்தால் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுடும். 'கறக் கறக்' என்று சத்தம் போடும். பிறகு பட்டென்று அணைந்துவிடும். இதற்கு மடிக்கணினி என்று பெயர் வைத்தவர், இதை ஒருநாளும் மடியில் வைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

ஆனாலும் வீட்டில் யாரும் அதைத் திட்டமாட்டார்கள். போன ஆண்டு அவர்கள் ஊரான லாபிஸில் வெள்ளம் ஏறியபோது, அம்மா கஸ்தூரி இடுப்பில் தம்பி கவினையும் தலையில் ஒரு பெரிய பேசினையும் சுமந்துகொண்டு பள்ளி மண்டபத்துக்கு நடந்தார். பேசினுக்குள் இருந்தது இந்த மடிக்கணினிதான். அம்மாவின் தையல் மெஷின் வீட்டிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்தபிறகு அது வெறும் துருப்பிடித்த இரும்பாகத்தான் கிடைத்தது.

"பிள்ள படிக்கிறது இதுலதானே" என்று மட்டும் அம்மா சொன்னார்.

இப்போது அதே மடிக்கணினி அம்மாவுக்குத் தேவைப்பட்டது. பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் அம்மாவுக்கு இடம் கிடைத்திருந்தது. வகுப்பு இணையத்தில் நடக்கும். பயிற்சிகளைத் தட்டச்சு செய்யவேண்டும் என்பதால் கைப்பேசி உதவாது, கணினிதான் வேண்டும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முதல் வகுப்பு. அதற்கு வராதவர்களின் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், வகுப்புக்கான செயலி அந்தக் கிழட்டுக் கணினியில் திறக்கவே மறுத்தது.

எதிர்வீட்டு கென்னத் அண்ணன் ஒரு பென்டிரைவ் கொடுத்தார். அவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார்.

"இதுல லினக்ஸ் இருக்கு லோஷி, கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர். பழசை எடுத்துட்டு இதப் போட்டா, பழைய மெஷினும் நல்லா ஓடும். ஸ்கிரீன்ல வர்றத நிதானமா படிச்சு படிச்சு செய். வேலை நேரத்துல என் போன் லாக்கர்ல இருக்கும் லா, கூப்பிட்டா எடுக்கமாட்டேன்."

லோஷினி முதலில் குடும்பப் படங்களை எல்லாம் வேறொரு பென்டிரைவில் பத்திரப்படுத்தினாள். சனிக்கிழமை காலையில் மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து, லினக்ஸை ஏற்ற ஆரம்பித்தாள். ஏழு வயதுக் கவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

திரையில் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. பாதி வந்தது.

கறக் கறக். பட்!

"அலமாக்! செத்துப்போச்சாக்கா?" என்று கவின் பதறினான்.

"இல்லடா, மயக்கம்."

"குடிக்க மைலோ குடுத்துப் பார்க்கலாமா?"

லோஷினிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மடிக்கணினியைத் தூக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் அடிப்பக்கம் மட்டுமல்ல, மெத்தையும் சுட்டது. திருப்பிப் பார்த்தாள். அடியில் சின்னச் சின்னத் துவாரங்கள் இருந்தன.

"கவின், மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுன்னா நீ ஓடுவியா?"

"ஓடமாட்டேன். மூச்சு முட்டும்."

"இதுக்கும் அதான் ஆயிருக்கு. மெத்தை இதோட மூக்கைப் பொத்திருச்சு."

லோஷினி, அம்மா கேக் ஆற வைக்கும் கம்பித் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன்மேல் மடிக்கணினியை வைத்தாள். இப்போது அடியில் காற்று தாராளமாகப் போனது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கோடு பாதியைத் தாண்டியது. கவின் கைதட்டத் தயாரானான்.

கறக் கறக். பட்!

கவின் கையை மடக்கிக்கொண்டான்.

லோஷினி யோசித்தாள். பள்ளிக் கணினிகளுக்குள் இருக்கும் விசிறி 'உஸ்' என்றுதானே சத்தம் போடும்? இது மட்டும் ஏன் 'கறக்' என்கிறது? உள்ளே எதுவோ சிக்கியிருக்கவேண்டும்.

அம்மா சமையலறையில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அடியில உள்ள மூடிய கழட்டிப் பார்க்கட்டா?"

"வயர புடுங்கிட்டியா? பேட்டரிய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்மா."

"அப்ப சரி. திருகாணிய தொலைச்சிராத."

அப்பாவின் சின்னத் திருப்புளியால் கழற்றி, திருகாணிகளை ஒரு சாஸரில் போட்டு வைத்தாள். மூடியைத் தூக்கினாள். உள்ளே குட்டி விசிறியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தூசி படிந்து கம்பளி போல் கிடந்தது. விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே வெள்ளையாக என்னவோ தெரிந்தது.

அரிசி! ஒன்றல்ல, நாலைந்து அரிசி!

கவினின் கண்கள் அகல விரிந்தன. லோஷினிக்கு உடனே புரிந்துவிட்டது. வெள்ளத்தன்று மழையில் பேசினுக்குள் தண்ணீர் தெறித்து, மடிக்கணினி நனைந்திருந்தது. அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்று மண்டபத்தில் யாரோ சொன்னார்கள். அம்மா அதைப் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோய், அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்துவிட்டார்.

"அக்கா! அம்மா போட்ட அரிசிதான் இத கெடுத்துருக்கு! நான் போய்ச் சொ…"

லோஷினி அவன் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதடா. அம்மாவுக்கு மனசு கஷ்டமாயிரும். அம்மா தலையில தூக்கிட்டு வரலைன்னா, அரிசி சிக்குறதுக்கு மெஷினே இருந்திருக்காது."

கவின் விரல்களுக்கு நடுவிலிருந்து பேசினான். "அப்ப அம்மா ஒனக்குக் குடுத்த முறுக்கு எனக்கு."

"ஒண்ணு தரேன்."

"எல்லாம்."

வேறு வழியில்லை. முறுக்கு மொத்தமும் கைமாறியது.

லோஷினி அரிசியைப் பொறுக்கிச் சன்னலுக்கு வெளியே வீசினாள். கூரையில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் உடனே இறங்கி வந்தன. பழைய வண்ணத் தூரிகையால் தூசியை மெதுவாகத் துடைத்தெடுத்தாள்.

"அங்க என்ன குசுகுசுன்னு பேச்சு?" என்று அம்மா குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. உள்ள கொஞ்சம் தூசி!"

மூடியை மாட்டி, பேட்டரியைப் பொருத்தி, மறுபடியும் ஆரம்பித்தாள்.

உஸ்…

எவ்வளவு இனிமையான சத்தம்! கவின் அடிக்கொரு தடவை கையை வைத்துக் காய்ச்சல் பார்த்தான். கோடு நகர்ந்து நகர்ந்து கடைசிவரை போனது. லினக்ஸ் ஏறிவிட்டது! இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

குதித்து முடித்தபிறகுதான் பார்த்தார்கள். வைஃபை வேலை செய்யவில்லை.

திரையில் இருந்ததை லோஷினி படித்தாள். "வைஃபை கருவி இருக்காம். ஆனா அதுக்கு டிரைவர் இல்லையாம்."

"டிரைவரா? நம்ம அப்பா டிரைவர்தானே!"

அப்பா செல்வா செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், ஏற்றும் லாரி ஓட்டுகிறார். விடியற்காலையிலேயே பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போயிருந்தார்.

"இது அந்த டிரைவர் இல்லடா. வைஃபை கருவியை ஓட்டத் தெரிஞ்ச ஒரு குட்டி மென்பொருள். அதுக்கும் டிரைவர்னுதான் பேரு. அத இணையத்துல இருந்து இறக்கணும்."

"இணையத்துக்கு என்ன வேணும்?"

"வைஃபை."

"வைஃபைக்கு?"

"டிரைவர்."

கவின் தலையைச் சொறிந்தான். "சாவிய வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டுன மாதிரி இருக்கே!"

மதியச் சாப்பாடு முடிந்தது. அம்மா தலைவாரி, தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். மேசையில் பேனாவைக்கூட எடுத்து வைத்துவிட்டார். லோஷினியின் முகத்தைப் பார்த்ததும் மெல்லச் சிரித்தார்.

"முடியலைன்னா பரவாயில்ல லோஷி. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

தையல் மெஷின் போனபோதும் அம்மா இதே 'பரவாயில்ல'வைத்தான் சொன்னார். இன்னொரு தடவை அதைக் கேட்க லோஷினிக்கு மனமில்லை.

அப்போதுதான் அவளுக்கு அப்பாவின் லாரி நினைவுக்கு வந்தது. அப்பா தன் போனை ஒரு வயரால் லாரி ரேடியோவோடு இணைத்துப் பாட்டுக் கேட்பார். வயரில் பாட்டு போகிறதென்றால் இணையமும் போகலாம் அல்லவா?

அம்மாவின் போனை, அதன் சார்ஜர் வயரால் மடிக்கணினியோடு இணைத்தாள். போன் அமைப்புகளில் தேடினாள். இணையத்தை வயர் வழியாகப் பகிரும் வசதி இருந்தது! ஆனால் அதை அழுத்த முடியவில்லை. போனில் சார்ஜ் மட்டும்தான் ஏறியது.

"இந்த வயர்ல கரண்ட் மட்டும்தான் போகும்போல. அப்பாவோட பாட்டு வயர்தான் வேணும்" என்றாள் லோஷினி.

அந்த வயர் எப்போதும் லாரியிலேயே கிடக்கும். அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் லாரி டிப்போவிலேயே நின்றுவிடும். வண்டி ஓட்டும்போது அப்பா போனை எடுக்கமாட்டார். லோஷினி குரல் செய்தி ஒன்றை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவே கூப்பிட்டார்.

"திரும்புற வழியில யோங் பெங்ல டீ குடிக்க நிறுத்தியிருக்கேன். என்னம்மா?"

"அப்பா, லேப்டாப்புக்கு டிரைவர் வேணும்பா!"

"ஏன்? லேப்டாப் எங்க போகப்போகுது?"

"ஐயோ அப்பா! உங்க பாட்டு வயர் வேணும். லாரிய விட்டு இறங்கும்போது மறந்துடாதீங்க. அம்மாவோட வகுப்புக்கு!"

"அம்மாவுக்கா? அப்ப இப்பவே கழட்டிடறேன். மறந்தாலும் மறந்துருவேன். மிச்ச தூரத்துக்கு நானே பாடிக்கிட்டு வரேன்."

"பாவம் லாரி" என்றான் கவின்.

நான்கு மணி நெருங்கியது. அம்மா பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் லோஷினி ஓடினாள். அப்பா வயரைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"டிரைவர் வந்தாச்சு!" என்று கவின் கத்தினான்.

அந்த வயர் அப்பாவின் போனுக்குத்தான் பொருந்தும்; லோஷினி அந்தப் போனை வயரால் இணைத்தாள். இந்தத் தடவை அழுத்த முடிந்தது. மடிக்கணினிக்கு இணையம் கிடைத்துவிட்டது. அப்பாவின் போனில் கொஞ்சம் இணையம்தான் மிச்சம் இருந்தது. முழு வகுப்புக்குத் தாங்காது, டிரைவரை இறக்கப் போதும். டிரைவர்களைத் தேடும் பக்கத்தைத் திறந்தாள். ஒரே ஒரு பெயர் வந்தது. அழுத்தினாள். இறங்கியது. கணினியை அணைத்துத் திறந்தாள்.

திரையின் மூலையில் வைஃபை அடையாளம் எட்டிப் பார்த்தது. வகுப்புக்கான செயலியும் இந்தத் தடவை மறுக்காமல் திறந்தது.

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு மேசைமுன் உட்கார்ந்தார். திரையில் ஒவ்வொரு முகமாகத் தோன்றியது. மற்ற மூவரும் மூச்சுவிடாமல் கதவோரம் நின்றார்கள்.

"எல்லாரும் உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் ஆசிரியை. அம்மாவின் முறை வந்தது.

"வணக்கம். என் பேரு கஸ்தூரி. லாபிஸ்ல இருந்து பேசுறேன்." அம்மா மடிக்கணினியை லேசாகத் தொட்டார். "இந்த லேப்டாப் காலையில ஓடவே இல்லைங்க டீச்சர். என் மகதான் சரி பண்ணா. என்ன குசுகுசுன்னு பேச்சுன்னு கேட்டா, உள்ள தூசின்னு சொல்றா."

லோஷினி தலையை ஆட்டினாள். தூசிதான், தூசிதான்.

"எங்க வீட்டுச் சன்னலுக்கு வெளிய மைனாவெல்லாம் அந்தத் தூசிய கொத்திக் கொத்தித் தின்னுச்சுங்க. போன வருஷம் அரிசிக்குள்ள இத புதைச்சு வச்சது நான்தான். அது எனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சிருக்கா." அம்மா கதவுப் பக்கம் திரும்பினார். "அவகிட்ட இன்னும் சொல்லல. இப்ப சொல்லிடறேன். ரொம்ப நன்றிடா லோஷி."

திரையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். அப்பா வயரை இன்னும் கையில் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றியெல்லாம் லோஷினி அல்லவா சொல்லவேண்டும்? அம்மாவுக்கு, அந்தப் பெரிய பேசினுக்கு, மழையில் நடந்த அந்த நடைக்கு!

மடிக்கணினி 'உஸ்' என்று குளிர்ச்சியாக ஓடிக்கொண்டிருந்தது. சூடேறிப் போயிருந்தவை லோஷினியின் கன்னங்கள்தான்.

சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது. கவின் பக்கம் குனிந்து காதோடு சொன்னாள். "டேய், ரகசியம்தான் வெளிய வந்துருச்சே. என் முறுக்கத் திருப்பிக் குடு."

கவின் அவசரமாகக் கையை வாய்க்குக் கொண்டுபோனான். பிறகு வாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

கறக் கறக்.