இரண்டாவது திருகாணி

சக்கரம் அரைச் சுற்றில் நின்றது.

சன்னாசி கையை எடுத்துவிட்டுப் பார்த்தான். நாலு பக்கமும் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்திய மோரிஸ் மைனர் கார். முன் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால் மூன்று நாலு சுற்றாவது ஓட வேண்டும்; டிரம்முக்குள் பிரேக் கட்டை லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்க வேண்டும். சக்கரம் இறுகும்வரை பிரேக் கட்டையை நெருக்கும் திருகாணியை முறுக்கி, பிறகு ஒரு பல் பின்னால் விட்டிருந்தான். இருபது வருஷமாகக் கை பழகிய வேலை. ஆனாலும் யாரோ உள்ளே உட்கார்ந்து பிரேக் மிதியை அமுக்கியதுபோல் சக்கரம் கப்பென்று பிடித்துக்கொண்டது.

வண்டிக்குள் யாரும் இல்லை.

மதியத்திலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேட்டின் தலைப்பில், சுங்கை சிப்புட் பெரிய சாலையைப் பார்த்தபடி நின்ற அந்தத் தகரப் பட்டறைக்குள் கிரீஸ் நாற்றமும், பின்பக்கத் தோட்டத்து ரப்பர்ப் பால் புளித்த வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்கார்ந்திருந்தன. வாசல் பெஞ்சில் வீரம்மா, காலையில் வந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"ஒரு வார்த்தைலா அண்ணே. அன்னிக்கு பிரேக்குதான் பிடிக்கலைன்னு தோட்டத்து ஆபீசு கிராணிகிட்ட சொல்லுங்க. குடிகாரன் குடும்பத்துக்கு லயத்து வீட்டுல எடமில்ல, மாசக் கடைசியில காலி பண்ணுங்கறாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"நான் பாத்த வேலையில கொறையில்ல வீரம்மா. போலீசுக்கிட்டயும் அதான் சொன்னேன்."

"மாரியாத்தாவுக்குக் காப்புக் கட்டியிருந்தாரு அண்ணே, செருப்புகூட போடல. காப்புக் கட்டுன மனுசன் சம்சு குடிப்பாரா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனியாமல் என்ன செய்வான்? இதே கார்தான். எட்டு மாதத்துக்கு முன்னால், தோட்டத்து மாரியம்மன் திருவிழா அன்று, கிராணியின் டிரைவர், வீரம்மாவின் புருஷன் பத்துமலை, இதைப் பிரேக் சரிபார்க்கக் கொண்டுவந்தான். இந்த வண்டியின் முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகாணி. கரகம் புறப்படும் மேளச் சத்தம் கேட்டதும் சன்னாசி ஒன்றை மட்டும் முறுக்கினான். இரண்டாவதைத் தொடவில்லை. "சரியா இருக்கு மச்சான், எடு," என்று சொல்லிவிட்டுக் கரகம் பார்க்க ஓடினான். ஒரு மணி நேரத்தில் கார் இறக்கத்தில் மரத்தில் மோதி, பத்துமலை ஸ்டியரிங்கோடு நசுங்கிக் கிடந்தான். காரை மட்டும் முகப்பை மாற்றித் திரும்ப ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். திருவிழா நாள், டிரைவர், மரம். சம்சு போட்டிருப்பான் என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சன்னாசிக்கு எவ்வளவு வசதி பாருங்கள்! செத்தவன் எழுந்துவந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

திருகாணியை இன்னொரு பல் தளர்த்தினான். தள்ளினான். அரைச் சுற்று. நின்றது.

இன்னும் இரண்டு பல். கால் சுற்று.

அடுத்த சக்கரத்துக்குப் போனான். அதுவும் இறுகியிருந்தது. பின் சக்கரங்களும் அப்படியே. மழைச் சத்தத்துக்கு நடுவே, காருக்குள்ளிருந்து மிதியின் சுருள் அழுத்தப்பட்டு முனகுவது தெளிவாகக் கேட்டது. கூடவே ஒரு மூச்சு, பளு தூக்குகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு விடுவதுபோல, விட்டு விட்டு.

எட்டிப் பார்த்தான். இருக்கை காலி. ஆனால் இருக்கையின் நடுவே ஒரு பள்ளம். கீழே, நடு மிதி தரையோடு தரையாகப் போய் ஒட்டியிருந்தது.

 வாய்விட்டுக் கத்தலாம். கத்தினால் வீரம்மா வருவாள், வந்தால் கேட்பாள். பேய்ப் பயத்தைவிட அவள் கேள்வியின் பயம் பெரிதாக இருந்தது அவனுக்கு. சக்கரம் சுற்றினால் போதும், இந்தச் சனியன் பட்டறையை விட்டுப் போனால் போதும் என்று நாலு சக்கரத்தையும் தளர்த்தினான். ஒவ்வொரு திருகாணியையும். இரண்டாவதையும் விடவில்லை. மூன்று பல். ஆறு பல். எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

டக்கென்று மிதி மேலே வந்தது.

நாலு சக்கரமும் ஒரே நேரத்தில், யாரும் தொடாமல், மெல்லச் சுற்றின. உரசல் இல்லை. கொஞ்சங்கூட இல்லை. இப்போது பிரேக் என்று ஒன்று இந்த வண்டியில் கிடையாது என்பது அவனுக்குத் தெரிந்தது. முதலிலிருந்து முறுக்க வேண்டும். ஆனால் கைகள் கட்டையை உருவி வண்டியைத் தரையில் இறக்கிக்கொண்டிருந்தன. இறக்கிவிட்டுத் திருப்புளியை எடுக்கக் குனிந்தபோது வாசலில் குடை தெரிந்தது.

கிராணி மயில்வாகனம். பக்கத்தில் அவர் மகள் சரோஜாதேவி, கல்யாணப் பட்டுப்புடவைப் பொட்டலத்தை நனையாமல் மார்போடு அணைத்தபடி.

"இவள் இங்கையும் வந்திட்டாளோ?" கிராணி வீரம்மாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "நல்லது. சன்னாசி, இவளுக்கு முன்னால சொல்லும். என்ர காரின்ர பிரேக் எண்டைக்காவது பழுதா இருந்ததோ?"

வீரம்மா எழுந்து நின்றாள். அவள் கண் அவன் வாயிலேயே இருந்தது.

ஒரு மணி நேரம் கொடுங்க ஐயா, பிரேக் தளர்ந்திருக்கு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் கேட்பாள்: அப்ப அன்னிக்கு? 

"இல்லைங்க ஐயா."

"இண்டைக்கு?"

"சரியா இருக்குங்க. எடுங்க."

 சரோஜாதேவி ஏறி உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கிராணி ஏறி, கதவைத் திறந்தபடியே குடையை உதறினார். சன்னாசி கீழே பார்த்தான்.

கிராணியின் இரண்டு செருப்புக் கால்கள். ஒன்று கிளட்சில். ஒன்று எண்ணெய் மிதியில்.

நடுவில் இன்னொரு கால்.

வெறுங்கால். முழங்காலுக்குமேல் ஒன்றும் இல்லை. நடு மிதியை அமுக்கிக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்து மடங்கும் அளவுக்கு. நரம்பு புடைத்து நடுங்கும் அளவுக்கு. மிதி தரையைத் தொட்டுவிட்டது. கால் இன்னும் அமுக்கியது.

கதவு மூடியது.

கார் இறக்கத்தில் இறங்கியது. பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. கீழே பெரிய சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

வீரம்மா மழையில் இறங்கி நின்று பார்த்தாள்.

"பிரேக்கு போட்டுக்கிட்டே இருக்காரே அண்ணே. ஏன் நிக்கல?"

  கீழே, மழைக்குள், இரண்டு சிவப்பு விளக்குகள். அணையவில்லை. வேகம் கூடிக்கொண்டே போயிற்று.