நாவலடியின் பச்சை விளக்கு

திரையில் நாவலடி பச்சையாக மாறியிருந்தது.

தனுஷா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். நிவாரண நிறுவனத்தின் கிளைகளில் இருக்கும் சேர்வர்களை எல்லாம் மட்டக்களப்பு அலுவலகத்தில் இருந்தபடியே மேய்க்கும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. எல்லா இடத்திலும் அது சரியாக ஏறிவிட்டதா என்று பார்ப்பதுதான் அன்றைய வேலை. ஏறிய கிளைக்குப் பக்கத்தில் பதிப்பு எண் நான்கு என்று காட்டும். தன்னாமுனைக்குக் காட்டியது. வவுணதீவுக்கும் காட்டியது. நாவலடிக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு. சுனாமியாய்க் கடல் வந்த வருடத்துப் பதிப்பு.

நாவலடிக் கிளையின் கட்டடத்தோடு அந்தச் சேர்வரையும் கடல் கொண்டுபோய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அதன்முன் வேலை செய்துகொண்டிருந்த அவளுடைய அக்கா சுலோஜனாவையும் கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு நாட்டில் நடந்த சண்டையும் முடிந்துவிட்டது. இத்தனை காலத்தில் அலுவலகத்தில் யாரும் நாவலடியின் பெயரை அழிக்கவில்லை. அது இணைப்பு அறுந்ததைக் காட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு மூலையில் கிடந்தது. அழிக்க எவருக்கும் கை வரவில்லை.

வவுணதீவுக் கிளையில் வேலை செய்யும் பிரதீஸை அழைத்தாள்.

“அண்ணா, நாவலடியில ஆரும் புது மெசின் வச்சிருக்கிறாங்களா?”

“அங்க மீனுதான் கா இருக்கு. மீனுக்கு என்னத்துக்கு சேர்வர்?” சிரித்தான். “லைன்ல ஏதோ பிழை. அழிச்சிப்போட்டு வீட்ட போ. மழை இருட்டுது, நானும் வெளிக்கிடப்போறன்.”

அழிக்கும் பொத்தான்வரை சுட்டியைக் கொண்டுபோனாள். நீல வளையல் போட்ட அக்காவின் கை பழகிய மெசின். இன்று அது பதில் சொல்கிறது. அவள் அழிக்கவில்லை. புதிய பதிப்பை நாவலடிக்கு அனுப்பினாள்.

வாவிப் பக்கத்து யன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது. ஏசியின் குளிர்க்காற்றில் முதலில் உப்பு மணந்தது, பிறகு அழுகிய பாசி, பிறகு நெடுநாள் உலராத தலைமயிரின் வாடை. சேர்வர் அலமாரிக்குள் சுழன்ற விசிறிகள் கூழுக்குள் சுழல்வதுபோல மெல்ல மெல்லத் தளர்ந்தன.

தன்னாமுனை நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கியது.

அங்கே அழைத்தாள். தொலைபேசி அடித்தது. எவரும் எடுக்கவில்லை.

பிரதீஸ் அழைத்தான். குரலில் சிரிப்பில்லை.

“நீ என்ன செஞ்ச?”

“ஏன் அண்ணா?”

“கதவுக்குக் கீழால தண்ணி வருது.”

“மழைத் தண்ணியாக்கும்.”

“இல்ல கா. உப்பு. ஆரோ ஒரு பொம்புள வெளிய நிண்டு கதவத் தள்ளுறா. உன்னத்தான் கேக்கிறா. நான் நீ இல்லண்டு சொன்னாலும் கேக்கிறா இல்ல...”

“அண்ணா, பின்பக்கத்தால ஓடுங்க!”

“அழி! தனுஷா, அத அழி—”

தொலைபேசிக்குள் கதவு பிளக்கும் சத்தம் கேட்டது. பிறகு குமிழி வெடிக்கும் சத்தம். அதுவும் நின்றது.

அழிக்கும் பொத்தானைக் குத்தினாள். அனுமதி இல்லை என்றது திரை. இந்தக் கணினியை இப்போது நாவலடி மேய்க்கிறது என்றது.

வவுணதீவு. இரண்டு.

மட்டக்களப்பு. நான்கு.

சிமிட்டியது.

இரண்டு. சரிபார்க்கப்பட்டது.

மழைச் சத்தம் இல்லை.

திரும்பினாள். மேல்மாடி யன்னலின் உச்சிவரை தண்ணீர் நின்றது. கறுப்பாக. வழியாமல். அதற்குள் பச்சை விளக்குகள் வரிசையாக. முதல் விளக்கின் வெளிச்சத்தில் பிரதீஸின் திறந்த வாய். அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்திருந்த கையில் நீல வளையல்.

மற்றக் கை கண்ணாடியில் பதிந்திருந்தது.

உள்பக்கம், யன்னலின் கொழுக்கி மெல்ல மேலெழுந்தது.