எறும்பு ஏறிய வட்டா

காலிதீனின் பழைய மொறிஸ் மைனர் கார் வரிப்பத்தான்சேனை நூதனசாலை முற்றத்தில் வந்து நின்றபோது, பின் சீற்றில் இருந்த எருமைத் தயிர்ச் சட்டிகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஒரு சட்டிக்கு விலை பேசப் போய் இரண்டு சட்டி வாங்கிவிட்டு, அதை லாபம் என்று சொல்கிற மனிதர் அவர். கல்முனைக் கடைத்தெருவில் பித்தளைச் சாமான் விற்றவருக்கு ஓய்வு என்றால் கடையைப் பூட்டுவது மட்டும்தான். வாயை யார் பூட்டுவது?

கடையை மகன் எடுத்த பிறகு கணவனும் மனைவியும் இப்படித்தான் திரிகிறார்கள். ஒலுவிலில் கடல் பார்ப்பார்கள், வழியில் அவித்த சோளம் தின்பார்கள், எந்த ஊரில் நூதனசாலை என்று பழைய சாமான் காட்சிக்கு வைத்திருந்தாலும் இறங்கிவிடுவார்கள். காலிதீன் எல்லாவற்றையும் பார்ப்பார். ஸுஹைறா ஒன்றைத்தான் தேடுவாள்: கால் உயர்ந்த பித்தளை வெற்றிலைத் தட்டு, அவள் உம்மாவின் வட்டா. அவளுடைய கலியாணத்துக்கு அதில்தான் வெற்றிலை வந்தது. சுனாமி வந்து கடல் சாய்ந்தமருது ஊருக்குள் ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு அதையும் கொண்டுபோய்விட்டது. கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் முன்னால் ஒரு கணம் மூச்சை நிறுத்துவாள்.

இந்த நூதனசாலை ஒரு காலத்தில் நெல் களஞ்சியம். அதைப் பார்த்துக்கொள்ளும் ஸாலிஹா வாசலுக்கே ஓடிவந்தாள். கண் சிவந்திருந்தது.

"கல்முனைக் காலிதீன் காக்காதானே? களவு போன சாமான் கண்டுபிடிக்கிற ஆள் எண்டு சொல்லுவாங்க."

"சொல்றவங்க கூட்டித்தான் சொல்லுவாங்க. என்ன களவு போன?"

"அதான் காக்கா விளங்கல்ல. சாமான் பெட்டிக்குள்ள இருக்கு. ஆனா அது அந்தச் சாமான் இல்லையாம்."

ஸுஹைறா கைப்பையை இறுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். இப்படி ஒரு கதை கேட்டு எத்தனை நாளாயிற்று!

பெட்டிக்குள் ஒரு வட்டா இருந்தது, தங்கம்போல் மினுங்கியபடி. ஸுஹைறாவின் மூச்சு வழக்கம்போல் நின்றது.

ஸாலிஹா நடந்ததைச் சொன்னாள். வியாழக்கிழமை பின்னேரம் அவள் பூட்டிவிட்டுப் போகும்போது வட்டா கறுத்து, பச்சை பிடித்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை நூதனசாலை பூட்டு. சனிக்கிழமை காலையில் இப்படி மினுங்கியது. அதைப் பார்த்த நூதனசாலைச் சபைத் தலைவர் மிஹ்லார், இது கள்ளச் சாமான், உண்மையான வட்டாவை ஸாலிஹா பழஞ்சாமான் யாவாரி பர்ஹானுக்குக் கொடுத்துவிட்டாள் என்றார். இன்று அஸறுத் தொழுகைக்குப் பிறகு அவளிடமிருந்து திறப்பை, கதவுச் சாவியை, வாங்கிவிடுவாராம்.

"திறப்பு போகட்டும் ராத்தா. கள்ளி எண்ட பேரோட இந்த ஊருக்குள்ள நான் எப்பிடி நடக்கிற?"

"பர்ஹான்தான்!" என்றாள் ஸுஹைறா. "எனக்கு அப்பவே தெரியும்."

"நீ அவன இன்னும் காணவே இல்லையே," என்றார் காலிதீன்.

"காணணுமா? யாவாரிதானே!"

"நானும் யாவாரிதான்."

"அதான் சொல்றன்."

காலிதீன் சிரித்தபடி வட்டாவைக் கவிழ்த்தார். காலும் தட்டும் சேருமிடத்தில் பழைய ஈயப் பற்று ஒன்று. அதன் இடுக்கில் ஒரு புளி நார். விளிம்பின் கீழே வரிசையாக எறும்புகள்.

"இதுல என்ன இருந்த மகள்?"

"கற்கண்டு. சனிக்கிழமை ஒரு பிடி கிடந்த. ஆரோ பகிடிக்கு வச்சதாக்கும் எண்டு கூட்டித் தள்ளிட்டன்."

"தலைவரிட்டச் சொன்னியா?"

"வட்டாவையே நம்பாத மனுசன் கற்கண்ட நம்புவாரா?"

"திறப்பு எத்தினை?"

"ரெண்டு. ஒண்டு என்ட கையில. மற்றது தலைவர்ட வீட்டு ஆணியில."

யன்னல் வழியே பார்த்தால் தலைவரின் வீடு. முற்றத்தில் கலியாணப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"வெள்ளிக்கிழமை அவர்ட மகளுக்குக் கலியாணம். உம்மாவோட ஆஸ்பத்திரியில நிண்டதால நான் போகல்ல," என்றாள் ஸாலிஹா.

காலிதீன் ஒரு தயிர்ச் சட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு, மர வாங்கில் அமர்ந்து அஸறு வரைக்கும் பழைய கலப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸுஹைறாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

தொழுகை முடிந்து மிஹ்லார் வந்தார். வெள்ளைச் சாரன், புது மாமனாரின் நடை. பின்னாலேயே பர்ஹான், மோட்டார் சைக்கிளில். காலிதீன் ஸலாம் சொல்லிவிட்டு, "தலைவர், கலியாண வீட்டுத் தேத்தண்ணி கிடைக்குமா? உங்கட மனிசியும் வந்தா இவக்குக் கதைக்க ஆள் கிடைக்கும்," என்றார். மிஹ்லாரின் மனைவி நஜ்லா தேத்தண்ணியோடு வந்து கதவோரம் நின்றாள்.

"நான் இதுல இல்ல காக்கா," என்று பர்ஹான் முந்திக்கொண்டான். "யாவாரத்துல பொய் சொல்லுவன். அது தொழில். ஆனா இதுல இல்ல."

"சரி தம்பி. நேற்று வார்த்த வட்டாவப் பழசெண்டு விக்கணும். என்ன செய்வ?"

"சாணிக்குள்ள புதைச்சு, மழைக்குப் போட்டுக் கறுக்க வைப்பன்..." சொல்லிவிட்டுப் பர்ஹான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஸுஹைறா வாய்விட்டுச் சிரித்தாள்.

"கேட்டீங்களா தலைவர்? கள்ளச் சாமான் செய்றவன் புதுசக் கறுப்பாக்குவான். கறுத்த வட்டாவ எடுத்துட்டு அந்த இடத்துல மினுங்குற ஒண்ட வைக்கிற மடையன் எங்க இருக்கான்? ஈயப் பற்றப் பாருங்க. நான் கடையில இருந்த காலத்துல வச்ச மாதிரிப் பழைய பற்று. இது உங்கட அதே வட்டாதான். ஆரோ கொண்டுபோய், புளி போட்டு மினுக்கி, திருப்பிக் கொண்டுவந்து வச்சிருக்காங்க."

"திருப்பித் தர்றதுக்கு ஆர் களவெடுக்கிற?" என்றார் மிஹ்லார்.

"அதான். களவெடுத்தவன் தரமாட்டான். இரவல் எடுத்தவங்கதான் தருவாங்க. ஸாலிஹா கூட்டின கற்கண்டு பகிடிக்கு வச்சதில்ல. நம்மட பொம்புளைகள் இரவல் வாங்கின ஏனத்த வெறுமையாத் திருப்பிக் குடுத்து நீங்க கண்டிருக்கீங்களா? ஆருக்கும் தெரியாம வைக்க வந்த இடத்திலயும் அந்தக் கை சும்மா இருக்கல்ல."

ஸுஹைறா தன்னை மறந்து தலையாட்டினாள். அவளுடைய கையும் அப்படிப்பட்டதுதான்.

"வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டுத் தேவைப்பட்ட வீடு எது, ரெண்டாவது திறப்பு இருக்கிற வீடு எது எண்டு நான் சொல்லத் தேவல்ல. ஒண்டே ஒண்டு கேக்கிறன். இந்த வட்டா ஆர்ட?"

"எங்கட வீட்டுச் சாமான். நான்தானே அன்பளிப்புச் செஞ்ச."

"வீடு ஆர்ட?"

மிஹ்லாரின் கண் கதவுப் பக்கம் போனது. இந்தக் கரையில் வீடு மனைவியுடையது. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுகிறவர். வீட்டோடு வந்த ஏனமும் அவள் உம்மா அவளுக்கு விட்டதுதான்.

கதவோரத்தில் தேத்தண்ணித் தட்டு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"ஸாலிஹாவக் கள்ளி எண்டா சொன்னீங்க?" என்றாள் நஜ்லா, கணவனைப் பார்த்து. "எனக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா? நான்தான் எடுத்த. என்ட உம்மாட வட்டா. என்ட கலியாணத்துக்கு வெத்திலை அதுலதான் வந்த. என்னக் கேக்காமத் தூக்கிக் கொண்டுவந்து கண்ணாடிக்குள்ள வச்சிட்டு, என்ட புள்ளட கலியாணத்துக்கு எவர்சில்வர் தட்டு வாங்கிட்டு வாறீங்க! பொம்புளப் பந்தல்ல எல்லாரும் கண்ட. நீங்க ஆம்பிளைகளோட இருந்த. அதான் காணல்ல."

மிஹ்லார் ஸாலிஹாவின் பக்கம் திரும்பினார்.

"மகள், நான் பிழையாக் கதைச்சிட்டன். திறப்பு உன்ட கையிலயே இருக்கட்டும். நான் கதைச்சதக் கேட்ட எல்லாருக்கும் நானே சொல்றன்."

நஜ்லா வட்டாவைத் திரும்பக் கேட்கவில்லை. "இஞ்சயே இருக்கட்டும்," என்றாள். "ஆனா என்ட உம்மாட பேரப் போடணும். கலியாணம் வந்தா வெளிய போகணும்."

ஸாலிஹா மிஹ்லாரின் பெயர் இருந்த அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள்: 'பஹ்மிதா உம்மாவின் வட்டா. கலியாணங்களுக்கு இரவல் தரப்படும்.'

ஸுஹைறா விளிம்பில் விரல் வைத்தபடி நின்றாள். நஜ்லா அருகில் வந்தாள்.

"ராத்தா, உங்கட வீட்டில அடுத்த கலியாணம் ஆருக்கு?"

"பேத்திக்கு. பெருநாளைக்குப் பிறகு."

"வந்து எடுத்துட்டுப் போங்க."

ஸுஹைறா நஜ்லாவின் கையைப் பிடித்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

வண்டி இறக்காமக் குளத்தோரம் வந்தது. வெயில் சாய்ந்து, வயலெல்லாம் பித்தளை நிறத்தில் கிடந்தது.

"இஞ்சாருங்க, நல்ல கற்கண்டு எங்க வாங்கலாம்?"

"கல்முனையில. நான் கதைச்சு விலையக் குறைச்சு வாங்கித் தாறன்."

"வேணாம்," என்றாள் ஸுஹைறா. "இதுக்கு மட்டும் விலை பேசாதீங்க."