நான்கு உலகப்பன்மார்

மீனைப் பற்றி எழுதியவர் பெயரும் உலகப்பன், துருவைப் பற்றி எழுதியவர் பெயரும் உலகப்பன் என்று கண்டபோது பகவதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பம்பலப்பிட்டியில் இருந்த அந்தச் சிறிய ஆய்வு நூலகத்தில், பழைய சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளை எழுதியவர் பெயர்வாரியாக அட்டைகளில் பதிந்து, கீழே இரண்டு வரியில் சுருக்கம் எழுதுவது அவளுடைய வேலை. ஈரக் காகிதமும் பூச்சிமருந்தும் கலந்து மணக்கும் அறை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் முனகும். ஜன்னலுக்கு அப்பால் காலி வீதி பஸ்கள் உறுமிக்கொண்டு போகும். ஆறு மாத வயிற்றோடு அங்கே உட்கார்ந்து அட்டை எழுதுவது, வெள்ளவத்தை வீட்டில் மாமியாரின் பத்தியச் சமையலுக்குத் தலை கொடுப்பதைவிடச் சுகமாக இருந்தது.

மாலைக்குள் மூன்றாவது உலகப்பனும் வந்து சேர்ந்தார். இவர் காகங்களை ஆராய்ந்தவர். நூலகப் பொறுப்பாளர் ஹியூபேட் பறங்கியர். தன் குடும்பப் பெயர் ஒல்லாந்தர் காலத்திலிருந்து வருகிறது என்பதில் அவருக்குத் தீராத பெருமை. பகவதியைக்கூட 'மிஸிஸ் காசிவிஸ்வநாதன்' என்றுதான் கூப்பிடுவார். அது தன் புருஷனின் சொந்தப் பெயர், பரம்பரைப் பெயர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிற்று. மூன்று அட்டைகளையும் விரித்துப் பார்த்த அவர், இது படிப்பு இரத்தத்தில் ஓடுகிற ஒரே குடும்பம், அப்படியே ஒரு குறிப்புப் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"இல்லை சேர், இவங்க சொந்தக்காரர் இல்லை," என்றாள் பகவதி. "எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது. முன்னால நிக்கிற எழுத்துத்தான் தகப்பன்ர பேர். மூண்டு பேருக்கும் மூண்டு எழுத்து, மூண்டு தகப்பன்."

பக்கத்து மேசையில் இருந்த பலீலா பேனையைக் கீழே வைத்தாள். "அப்ப இந்த மூணு பேருக்கும் நடுவுல ஒண்டுமே ஒத்துப்போகல்லயா?"

"பேர் மட்டுந்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொன்ன பிறகு கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. அவளுடைய மாமனார் பெயர் உலகப்பன். மனிதர் இறந்து பல வருடம். அவர்கள் வீட்டு வழக்கப்படி மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். மாமியார் பெத்தாள், அவள் வயிற்றைப் பார்த்தே "உலகப்பா" என்று கொஞ்சத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த நாள் சுருக்கம் எழுதுவதற்காகக் கட்டுரைகளைப் படித்தாள். மீன் உலகப்பன் 1952இல் எழுதியிருந்தார். வெள்ளவத்தைக் கரையில், பாறைகளுக்கு நடுவே ஆழமில்லாத நீரில், ஓரிடத்துக்கு மட்டும் மீன் போவதில்லை, குஞ்சு மீன்கூடச் சுற்றிக்கொண்டு போகிறது, ஓர் ஆள் நின்றால் எவ்வளவு இடமோ அவ்வளவு இடம், காரணம் தெரியவில்லை. துரு உலகப்பன் சில வருடம் கழித்துக் கரையோர ரயில் பாதையைப் பார்த்திருக்கிறார். உப்புக் காற்றில் தண்டவாளம் எல்லாம் துரு, ஒரு துண்டில் மட்டும் இல்லை, ஓர் ஆள் கால் அகட்டி நிற்கிற அகலம், காரணம் தெரியவில்லை. காக உலகப்பனுக்கு, வீடுகளுக்கு நடுவே போகும் ஓர் ஒழுங்கையின் மாமரம். அடியில் சோறு தூவினால் காகங்கள் எங்கும் இறங்கும், ஓரிடத்தில் இறங்காது. மூன்று கட்டுரைகளுக்கும் கறுப்புக் கோடு கட்டியிருந்தது. கட்டுரை அச்சாகுமுன் ஆசிரியர் காலமானார் என்று கீழே ஒரு குறிப்பு.

ஒழுங்கையின் பெயரை அவள் திரும்பவும் பார்த்தாள். அவளுடைய ஒழுங்கை. அந்த மாமரம் அவர்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி, கடல் பக்கமாக நிற்கிறது. கடல், அதற்குப் பிறகு தண்டவாளம், அதற்குப் பிறகு மாமரம்.

நாலாவது ஒருவர் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினாள். தேடுகிறவளுக்கு வேறு எதுவும் கிடைக்காது, அதுதான் கிடைக்கும். ஐந்து வருடத்துக்கு முன் வந்த கட்டட ஆய்வுச் சஞ்சிகை ஒன்றில் இருந்தார், வேறொரு தகப்பனின் மகன். கடலோர வீடுகளின் சுவரில் உப்புப் பூப்பதைப் பற்றி எழுதியிருந்தார். உதாரணத்துக்கு ஒரு வீடு: பச்சைக் கண்ணாடி பதித்த முன் ஜன்னல், சிவப்புச் சீமெந்துப் படிகள், வலது பக்கம் தண்ணீர்த் தாங்கி. கறுப்புக் கோடும் இருந்தது.

அன்று வேளையோடு வீட்டுக்குப் போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கடலில் இருந்து வந்த வெளிச்சம் முன் சுவர் முழுவதையும் நனைத்துக்கொண்டிருந்தது. வருடக்கணக்காகப் பார்த்த சுவர்தான், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொருபொருத்து, விரல் பட்டால் உதிர்கிற சுவர். பச்சை ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் அது உதிரவில்லை. அவளைவிட ஒரு முழம் உயரம். மேலே ஒடுங்கி, கொஞ்சம் கீழே இரண்டு பக்கமும் அகன்று, பிறகு நேராக இறங்கி, வழுவழுவென்று இருந்தது. கையை வைத்தாள். சுற்றிவர இருந்த சுவர் வெயிலில் சுட்டது. அந்த இடம் சில்லிட்டுக் கிடந்தது, வெயிலை யாரோ மறைத்துக்கொண்டு நின்றால் சுவர் எப்படி இருக்குமோ அப்படி. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, அந்த யாரோ நிற்கிற இடத்திலேயே தானும் நிற்கிறாள் என்று. பின்வாங்கிய வேகத்தில் படியில் தடுக்கி விழப் பார்த்தாள்.

"மாமி, மாமாக்கு என்ன நடந்தது?" என்று அடுக்களையில் போய்க் கேட்டாள்.

பெத்தாள் மல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். "என்னத்தக் கேக்குற? வாசல்ல உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டிருந்தாக. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாப்பில தலையத் தூக்கினாக. செருப்பக்கூடப் போடல்ல. கடல் பக்கம் நடந்துபோன மனுஷன ரெண்டு நாள் கழிச்சுத்தான் கண்டோம்."

"ஆர் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல்ல தாயி. நான் பக்கத்துலதான இருந்தேன்."

மல்லி கருகும் மணம் வந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

காசிவிஸ்வநாதன் புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்பவன். முழம் போட்டு அளக்க முடியாத எதையும் நம்பாதவன். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாலு படிச்ச மனுசர் செத்ததுக்கு என்ர அப்பான்ர பேர் என்ன பிழை செய்தது?"

"தகப்பன் வேற, ஊர் வேற, படிப்பு வேற. பேர் மட்டும் ஒண்டு. வேற என்னத்துக்காக அது வருது, சொல்லுங்கோ?"

அவள் இரவில் உறங்காமல், உண்ணாமல், கால் வீங்கி, டொக்டர் பயப்படத் தொடங்கிய பிறகுதான் அவன் வழிக்கு வந்தான். பிள்ளைக்குக் கண்ணப்பன் என்று வைப்பது எனத் தீர்மானமாயிற்று. பெத்தாள் மூக்கைச் சிந்தினாள், சாமிப் படத்துக்கு முன்னால் நின்று புருஷனிடம் மன்னிப்புக் கேட்டாள், மருமகளோடு கதைப்பதை நிறுத்தினாள். பகவதி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஆண் பிள்ளை. வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு காரில் இருந்து இறங்கியபோது, அவள் சுவரைப் பார்க்காமல் உள்ளே போய்விடத்தான் நினைத்தாள். ஆரத்தி எடுக்க வாசலில் நின்ற பெத்தாளுக்குப் பேரனைக் கண்டதும் கோபமெல்லாம் பறந்துவிட்டது.

"இந்தா பாரு, நீ பயந்த எடத்துலயும் உப்புப் பூத்திருச்சு," என்று ஜன்னலுக்குப் பக்கத்தைக் காட்டினாள். "ஒரு வாரமா நல்லாப் பூக்குது. இப்ப சந்தோசந்தானே?"

பகவதி பார்த்தாள். சுவர் முழுவதும் ஒரே வெள்ளை, ஒரே உதிர்வு. வழுவழுப்பே இல்லை. அங்கே இப்போது யாரும் நிற்கவில்லை.

கதவு திறந்துதான் கிடந்தது. ஒரு வாரமாக.

அவளால் எங்கே போக முடியும்? கொட்டாஞ்சேனையில் அவளுடைய அப்பா வாடகை வீட்டின் ஒற்றை அறையில் இருந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினாலும் வழி தெரியாமலா போகும், கடலில் இருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்ததற்கு? சாம்பிராணிப் புகையும் வசம்பும் பால் கவிச்சையும் மணக்கும் அறையில், பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு மூலையில் புகை போய்ப் படியவில்லை. இரண்டு பக்கமும் பிரிந்து போயிற்று. பிறகு வேறு மூலை. பிறகு கட்டிலின் கால்மாட்டில்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. பேர் வைத்துவிட்டால் போதும் என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு பேர் காதில் ஏறிவிட்டால் இவன் அது தேடி வந்த ஆள் இல்லை.

பிள்ளை பிறந்த துடக்குக் கழித்துப் பேர் வைத்த அன்று நல்ல பகல், வீடு நிறைய ஆட்கள். பகவதி பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். காசிவிஸ்வநாதன் முதலில் குனிந்து, வெற்றிலையால் வாயை மறைத்து, வலது காதில் மூன்று தரம் சொன்னான். கண்ணப்பன், கண்ணப்பன், கண்ணப்பன். பிறகு பெத்தாள், வேண்டாவெறுப்பாக. பிறகு பகவதியின் அப்பா. பிறகு வரிசையாக உறவுக்காரர். கடைசியில் நூலகத்துப் பலீலா வெட்கப்பட்டுக்கொண்டே வந்து சொல்லிவிட்டு, பிள்ளையின் கையில் ஒரு கிலுகிலுப்பையைத் திணித்தாள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் பிள்ளை வீரிட்டு அழுதான். அழட்டும் என்றிருந்தது. பகவதிக்குப் பல நாளைக்குப் பிறகு மூச்சு வந்தது.

இலை போட்டாயிற்று என்று யாரோ கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்து பின் விறாந்தைக்குப் போனார்கள். அப்பளம் பொரிகிற சத்தம், சிரிப்பு, செம்பு உருளுகிற சத்தம்.

பிள்ளை அழுகையை நிறுத்தினான்.

பாயில் ஒரு பள்ளம் விழுந்தது, அவளுக்கு எதிரே. யாரோ முழங்கால் ஊன்றினால் விழுகிற பள்ளம். பிள்ளையின் காதோரத்துப் பூனைமயிர் அசைந்தது. காதுமடல் மெல்ல உள்பக்கமாக மடிந்து, ஈரமாகி, விடுபட்டது.

ஒரு தரம்.

"இஞ்சேருங்கோ," என்று புருஷனைக் கூப்பிட்டாள். பின் விறாந்தைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தாள். உடம்பு வந்தது. தலை அசையவில்லை. பிடரிக்குக் கை கொடுத்து யாரோ பக்குவமாகத் தாங்கியிருந்தார்கள்.

இரண்டாம் தரம்.

பிள்ளை சிரித்தான். பிறந்ததில் இருந்து சிரிக்காத பிள்ளை.

பகவதி உள்ளங்கையால் அவன் காதைப் பொத்தினாள். இறுக்கி, இடைவெளியில்லாமல், தன் பலம் முழுவதையும் கூட்டிப் பொத்தினாள்.

உள்ளங்கைக்குள், குளிர்ந்த இரண்டு உதடுகள் அசைந்தன.